பாஸ் ஏரிகளில் நம் ஊர்ப் பாசி

ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜன் வெளிப்படுகிறது என்பதைக் காட்டும் சோதனையைப் பள்ளியில் நீங்கள் செய்திருப்பீர்கள். செய்யாவிட்டாலும் படமாவது வரைந்திருப்பீர்கள். முகவையில் குளத்து நீர். அதில் ஒரு கைப்பிடி ஹைட்ரில்லா. அதன்மேல் கவிழ்த்து வைத்த புனல். புனலின் காம்பில் நீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய். வெயிலில் வைத்துவிட்டால் சிறு சிறு குமிழ்கள் வரிசையாக மேலேறும். இச்சோதனைக்கு வேண்டிய செடியை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஊர்க்குளத்திலோ வாய்க்காலிலோ கையைவிட்டு அள்ளிக்கொண்டு வந்துவிடுவோம். பூப்பூக்கும் செடியாயினும் பேச்சு வழக்கில் அதுவும் நமக்குப் ‘பாசி’தான்.

இந்தச் சாதாரணச் செடிக்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் மீன்பிடி வழிகாட்டிகள் ஒருபுறமும், ஏரிக்கரையில் வீடு கட்டியவர்கள் மறுபுறமும், அணைகளை ஆளும் அரசுத் துறையினர் நடுவிலுமாக அரை நூற்றாண்டு காலம் வழக்காடி வருகின்றனர் என்றால் நம்புவீர்களா? அந்த வழக்கின் ஒரு கட்டத்தில் அந்நாட்டின் சின்னமான கழுகுகளே ஏரிகளில் செத்து விழத் தொடங்கின. எப்படி வந்தது இந்த வினை? அதை அறிய முதலில் ஒரு மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மீனின் பெயர் பெருவாய் பாஸ். நம் கடலோர மக்கள் கொடுவா என்று சொல்லும் மீனுக்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்ற பெயர் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பெருவாய் பாஸ் நன்னீரில் வாழ்வது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் நடுப் பகுதியும் அதன் தாயகம். பச்சை கலந்த உடல், பக்கவாட்டில் ஒரு கருங்கோடு, மூடியிருக்கும்போதும் கண்ணைத் தாண்டிப் பின்னே செல்லும் தாடை. இந்த வாயை அகலத் திறந்தால் நீரோடு சேர்த்து இரையும் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். துரத்திப் பிடிப்பதைவிட மறைந்திருந்து பாய்வதே அதன் வழக்கம். ஆகவே நீரில் மூழ்கிய மரம், பாறை இடுக்கு, செடிப்புதர் என்று ஒரு மறைவிடம் அதற்கு வேண்டும். வசந்த காலத்தில் நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசைத் தாண்டியதும் ஆண் மீன் வாலால் தரையைப் பெருக்கிக் குழிபறித்துக் கூடமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் காப்பது தந்தையின் வேலை. நம் விரால் மீன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காப்பதை வயல்வெளியில் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அதன் அறிவியல் பெயரின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. பிரெஞ்சு இயற்கையியலார் லாசெப்பேட் 1802-ஆம் ஆண்டு இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு மீனை ஆராய்ந்தபோது, அவர் கையிலிருந்த மாதிரியின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்தது. பிய்ந்து நின்ற சில முட்களை ஒரு தனிச் சிறுதுடுப்பு என்று கருதி, ‘சிறு துடுப்பு’ எனப் பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரைச் சூட்டினார். துடுப்பு சிறியதன்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெருவாய் மீனுக்கு அதே ஆண்டில் அவர் கொடுத்த ‘சால்மாய்டிஸ்’ என்ற பெயர், தென் கரோலினாவிலிருந்து வந்த ஓர் ஓவியத்தைக் கொண்டு வைத்தது. இரு நூற்றாண்டு கழித்து, 2022-இல் மரபணு ஆய்வாளர்கள் அப்பெயர் உண்மையில் புளோரிடா பாஸ் என்னும் வேறோர் இனத்திற்கே உரியது என்று காட்டினர். பெருவாய் பாஸ் இப்போது மைக்ரோப்டெரஸ் நைக்ரிக்கன்ஸ் ஆகிவிட்டது. பாடநூல்கள் மாறச் சிறிது காலம் பிடிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வந்ததும் பாஸ் மீன்களும் இரயிலேறின. 1854-இல் நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் துளையிட்ட வாளியைத் தொங்கவிட்டு, ஓஹையோ ஆற்றுப் பக்கத்து மீன்களை மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பொட்டோமாக் ஆற்றில் கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் அரசின் மீன்வளத் துறையே தனிப் பெட்டிகளில் மீன்குஞ்சுகளை நாடு முழுவதும் கொண்டு சென்றது. அந்நாளில் வேட்டை மீன் என்றால் குளிரோடைகளில் வாழும் டிரௌட்தான். அதுவே கனவான்களின் மீன். பாஸ் மீனுக்காக வாதாட 1881-இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்தது.

அது ஆற்று மீனாக இருந்த காலத்தில் வழிகாட்டிகளும் ஆற்றுக்காரர்களாகவே இருந்தனர். ஆர்க்கன்சா, மிசூரி மாநிலங்களின் எல்லையில் ஓசார்க் குன்றுகள் உள்ளன. அங்கே ஒயிட் ஆறும் அதன் கிளையாகிய ஜேம்ஸ் ஆறும் மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைந்தோடும். காலினா என்ற ஊரில் படகேறினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் நீரோட்டத்தோடு மிதந்து பிரான்சன் என்ற ஊரில் இறங்கலாம். நேர்வழியில் அவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் இதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே பல நாள் மிதந்து போனவர்கள் இரயிலில் சிறிது நேரத்தில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிடுவார்கள். தட்டையான அடியுடைய நீண்ட மரப்படகு. அதன் பின்முனையில் துடுப்புடன் வழிகாட்டி. எந்தத் திருப்பத்தில் மீன் நிற்கும் என்று அவன் சொல்வான். பாறையில் மோதாமல் படகைத் திருப்புவான். மாலையில் ஆற்று மணலில் கூடாரம் போட்டுச் சமைத்தும் போடுவான். 1930-களில் பிரான்சனில் ஜிம் ஓவன் என்பவர் இதைப் பெருந்தொழிலாகவே நடத்தினார். நகரத்துப் பணக்காரர்கள் வந்து குவிந்தனர். அவர்களுடைய தூண்டிலில் மிகுதியும் சிக்கியது சிறுவாய் பாஸ் என்னும் உறவு மீன்.

பிறகு அணைகள் வந்தன. வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்திற்குமாக அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை ஒயிட் ஆற்றையும் அதன் கிளைகளையும் அடுத்தடுத்து மறித்தது. 1944-இல் நார்ஃபோர்க், 1951-இல் புல் ஷோல்ஸ், 1958-இல் டேபிள் ராக், 1966-இல் பீவர். டேபிள் ராக் அணையோடு காலினா மிதவைப் பயணத்தின் பெரும்பகுதி ஆழ்நீரில் மூழ்கிப்போயிற்று. அணைக்குக் கீழே நடந்தது இன்னும் விந்தை. நீர்த்தேக்கத்தின் அடியாழத்திலிருந்து மதகு வழியே வெளிவரும் நீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பான ஆற்றுக்குப் பழகிய பாஸ் அக்குளிரில் வாழ முடியவில்லை. அந்த இடத்தில் டிரௌட் குஞ்சுகளை விட்டனர், அவை செழித்தன. அணைக்கு மேலே, புதிதாகத் தோன்றிய கடல் போன்ற ஏரியில், அதுவரை இரண்டாம் இடத்திலிருந்த பெருவாய் பாஸ் அரசனாயிற்று. ஒரே ஆறு, ஒரே சுவர். இருபுறமும் இருவேறு உலகங்கள்.

துடுப்பு வலித்த வழிகாட்டிகளின் பிழைப்பும் மாறியது. ஆற்றில் மீன் இருக்குமிடத்தைக் கரையும் நீரோட்டமும் காட்டிக்கொடுக்கும். ஏரியிலோ கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு ஒரே சமமாகத் தெரியும். அதன் அடியில் பழைய சாலை, வேலி, ஓடைக்கரை, வெட்டாமல் விட்ட காடு எல்லாம் கிடக்கின்றன; மீன் நிற்பது அவற்றின் ஓரத்தில். அணை கட்டுமுன் அந்நிலத்தில் உழுதவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் மட்டுமே அந்த வரைபடம் மனப்பாடம். வெளியூர்க்காரன் கூலி கொடுத்து அவனைக் கூட்டிச் சென்றதில் வியப்பில்லை. தன் ஊர் மூழ்கிய இடத்தைத் தானே காட்டிக் கூலி பெறுவது என்பது, எண்ணிப் பார்த்தால், சற்றுக் கசப்பான தொழில்தான்.

அந்த மனப்பாடத்திற்குப் போட்டியாக 1950-களின் இறுதியில் ஒரு பெட்டி வந்தது. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்பட்ட எதிரொலிக் கருவியைச் சிறு படகுக்கு ஏற்றவாறு கார்ல் லோரன்ஸ் என்பவரும் அவருடைய மக்களும் சுருக்கி அமைத்தனர். அதன் தத்துவம் எளியது. படகிலிருந்து ஒலித்துடிப்பு ஒன்றை நீருக்குள் செலுத்துகிறோம். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் செல்லும். 12 மீட்டர் ஆழத்தைத் தொட்டு அது திரும்பிவர வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஆகும். சுழலும் தட்டில் பொருத்திய நியான் விளக்கு, எதிரொலி வந்த கணத்தில் மின்னும். எந்த எண்ணுக்கு நேரே மின்னியதோ அதுவே ஆழம். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், தரைக்கு மேலே சிறு மின்னல் தெரிந்தால் அது மீன். மாடு மேய்த்தவனுக்கு மட்டும் தெரிந்த பள்ளம் இனிப் பெட்டி வாங்கியவனுக்கெல்லாம் தெரிந்தது. வழிகாட்டிகளின் தொழில் அழிந்ததா என்றால், இல்லை. இடம் தெரிந்தால் போதாது. எந்தப் பருவத்தில், எந்த வெப்பத்தில், எந்த நேரத்தில் மீன் அங்கே வரும் என்பதைப் பெட்டி சொல்லாது.

ஒரு வழிகாட்டியோடு புறப்படும் பயணம் எப்படியிருக்கும்? விடியுமுன் படகுத்துறையில் சந்திப்பு. வண்டியின் பின்னே இழுத்துவந்த படகு நீரில் இறங்கும். பெரிய எஞ்சின் இடத்துக்குக் கொண்டு சேர்த்ததும் அணைக்கப்படும்; அதன்பின் முன்முனையிலுள்ள சிறு மின்மோட்டார்தான் சத்தமின்றிப் படகை நகர்த்தும். வாடிக்கையாளர் கையில் பெரும்பாலும் மென்மையான பிளாஸ்டிக் புழு மாட்டிய தூண்டில். 1949-இல் ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டு அடுப்பில் உருக்கி வார்த்த பண்டத்தின் வழித்தோன்றல் அது. முள்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட்டால் எவ்வளவு அடர்ந்த செடிக்குள் எறிந்தாலும் சிக்காது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; செடிக்குள் எறிய வழி கிடைத்ததனால்தான் பின்னால் வந்த வழக்கே எழுந்தது.

ஒயிட் ஆற்றில் வழிகாட்டியாக இருந்து, புல் ஷோல்ஸ் அணை கட்டும் வேலையிலும் கூலிக்கு நின்ற ஃபாரஸ்ட் வுட் என்பவர், 1968-இல் ஆர்க்கன்சாவின் ஃபிலிப்பின் என்ற சிற்றூரில் பாஸ் பிடிப்பதற்கென்றே படகுகள் செய்யத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, காப்பீட்டு முகவராயிருந்த ரே ஸ்காட் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டி ஒரு பெரும் போட்டி நடத்தியிருந்தார். போட்டியில் பிடிபட்ட மீன்களெல்லாம் கயிற்றில் கோத்துத் தொங்கின. இப்படியே போனால் ஏரிகள் என்னவாகும் என்ற குரல் எழுந்ததும், 1972-இல் ஸ்காட் விதியை மாற்றினார்: மீனை உயிரோடு எடைபோட்டுத் திரும்ப விடவேண்டும். சொல்வது எளிது. 10 பாகை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். கோடை வெயிலில் மூடிய தொட்டிக்குள் நான்கைந்து பெரிய மீன்கள் அடைபட்டால் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே படகிலேயே நீரை இறைத்துக் காற்றூட்டும் தொட்டி கட்டாயமாயிற்று. இன்று பெரும்பாலான வழிகாட்டிகளின் வாடிக்கையாளர்கள் மீனை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. ஒரு புகைப்படத்தோடு சரி. பிடித்த மீனை விட்டுவிடுவதற்குப் பணம் கொடுப்பார்களா என்று நம் ஊர்த் தூண்டில்காரர் சிரிக்கக்கூடும்.

இனிச் செடிக்கு வருவோம். புதிதாக நிரம்பிய நீர்த்தேக்கத்தில் முதல் சில ஆண்டுகள் மீன்வளம் பொங்கும். மூழ்கிய நிலத்தின் மட்கும் இலையும் புல்லும் நீருக்கு உரமாகின்றன, உயிரிகள் பெருகுகின்றன, நிற்கும் மரங்கள் மறைவிடமாகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உரம் தீர்கிறது, கிளைகள் உளுத்து விழுகின்றன, ஏரி வழுக்கையாகிறது. தேக்கங்கள் மூப்படைந்து வந்த அந்த வேளையில்தான், யாரும் அழைக்காமல், ஹைட்ரில்லா வந்து சேர்ந்தது.

1950-களின் தொடக்கத்தில் வண்ணமீன் தொட்டிகளுக்கான அலங்காரச் செடியாக அது இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. வணிகப் பெயர், இந்திய நட்சத்திரக் கொடி. புளோரிடாவின் டாம்பா நகர வணிகர் ஒருவர், வந்த சரக்கு திருப்தியாக இல்லையென்று கால்வாயில் கொட்டிவிட்டார். சில மாதங்களில் அது கால்வாயிலேயே தழைத்துக் கிடந்தது. 1960 அளவில் மயாமிக் கால்வாயிலும் கிரிஸ்டல் ஆற்றிலும் காணப்பட்டபோது, அமெரிக்காவுக்குரிய எலோடியா என்ற செடி என்றே முதலில் எண்ணினார்கள். 1997-இல் வெளியான மரபணு ஒப்பீடு, தென்மாநிலங்களின் ஹைட்ரில்லா நம் பெங்களூர்ப் பகுதிச் செடியோடு மிக நெருங்கியது என்று காட்டியது. ஆக இலங்கையோ கன்னட நாடோ, நம் பக்கத்துச் செடி என்பதில் ஐயமில்லை.

அங்கே சென்றது பெண் செடி மட்டுமே. ஆண் செடி இல்லாததால் விதைக்கும் வழியில்லை. ஆனால் விதை யாருக்கு வேண்டும்? கணுவோடு கூடிய ஒரு துண்டு போதும், புதுச் செடியாகும். படகின் சுழலியில் சிக்கிய கொடி வண்டியோடு அடுத்த ஏரிக்குப் போகிறது. சேற்றுக்குள் உருவாகும் சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலும் அதனால் உணவு தயாரிக்க முடியும். ஆகவே மற்றச் செடிகள் எட்டமுடியாத ஆழத்தில் அது வேரூன்றும். மேலே வந்ததும் கூரைபோலப் பரவி நீர்ப்பரப்பையே மூடிவிடும். 1990-களின் நடுவில் புளோரிடாவில் மட்டும் 50,000 ஹெக்டேருக்கும் அதிகமான நீர்ப்பரப்பில் அது படர்ந்திருந்தது.

வழுக்கையான ஏரிக்கு முடி முளைத்தது கண்டு வழிகாட்டிகள் மகிழ்ந்தனர். செடிக்கூரையின் விளிம்பு பாஸ் மீனுக்கு மிக உகந்த மறைவிடம். குஞ்சுகளுக்கும் புகலிடம். ஏரிக்கரை வீட்டுக்காரர்களோ நீந்தவும் படகை எடுக்கவும் முடியாமல் கொதித்தனர். மின்நிலையத்தார் குழாய் அடைபடுவதாக முறையிட்டனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. செடி அளவோடிருந்தால் பாஸ் செழிக்கிறது. அளவு மீறினால் சிறு மீன்கள் அடர்த்திக்குள் பதுங்கிவிட, பாஸ் பட்டினியால் சிறுக்கிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. ஆனால் ஹைட்ரில்லாவுக்கு அளவு என்பதைக் கற்பிப்பது யார்?

டெக்சாஸ் மாநிலத்தின் கான்ரோ ஏரியில் 1981-82-இல் அந்தப் பொறுப்பைப் புல்கெண்டையிடம் விட்டார்கள். நம் கூட்டுமீன் வளர்ப்புக் குளங்களில் கட்லா, ரோகுவோடு வளரும் அதே புல்கெண்டைதான். இந்தியாவுக்கு 1959-இலும் அமெரிக்காவுக்கு 1963-இலும் வந்தது. நம் விவசாயி ஹைட்ரில்லாவை அள்ளிவந்து அதற்குத் தீனியாகப் போடுகிறார். அங்கே ஏரியில் தீனி இருந்தது, மீனைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்டது 2,70,000 மீன்கள். ஏரியில் ஏறத்தாழ 40 சதவீதத்தை மூடியிருந்த செடிகள் 1983-க்குள் அடியோடு மறைந்தன. ஹைட்ரில்லா மட்டுமன்று, எல்லா நீர்ச்செடிகளும். விளைவை அளந்தவர்கள் ஒரு சுவையான செய்தியைக் கண்டனர். செடி இருந்தபோது பாஸ் குஞ்சு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்த பிறகே பிற மீன்களை உண்ணத் தொடங்கியது. செடி போன பின் 6 சென்டிமீட்டரிலேயே தொடங்கிவிட்டது. ஒளிய இடமில்லாத ஏரியில் இரை எளிதாகக் கிட்டிற்று. ஆனால் குஞ்சுகளுக்கும் ஒளிய இடமில்லையே! தூண்டில்காரர்கள் இதைத் தங்கள் தோல்வியாகவே கருதினார்கள். பின்னாளில் மற்ற ஏரிகளில், இனப்பெருக்கம் செய்ய முடியாதபடி மும்மடி நிறமூர்த்தங்கள் உடையதாக ஆக்கப்பட்ட புல்கெண்டைகளையே அளவறிந்து விட்டனர்.

இன்னொரு முயற்சி நம் நாட்டோடு தொடர்புடையது. இச்செடி தன் சொந்த ஊரில் இப்படி ஆர்ப்பரிப்பதில்லையே, ஏன் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வந்து தேடினார்கள். இலையைக் குடையும் ஒரு சிறு ஈயும், கிழங்கைத் தின்னும் ஒரு கூன்வண்டும் கிடைத்தன. இரண்டையும் 1987-இல் புளோரிடாவில் விட்டனர். ஈ நிலைத்தது, ஆனால் பெரிய பலன் தரவில்லை. வண்டு நிலைக்கவேயில்லை. காரணம் என்ன தெரியுமா? அவ்வண்டு சேற்றிலுள்ள கிழங்கை அடைவது குளம் வற்றிய பிறகே. கோடைதோறும் வற்றி வெடிக்கும் நம் ஏரி குளங்களில் அதற்கு விருந்து. ஆண்டு முழுவதும் தளும்பும் புளோரிடா ஏரிகளில் அது என்ன செய்யும்? ஏரி வற்றுவதை நாம் குறையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். அவ்வறட்சியே ஹைட்ரில்லாவை இங்கு அடக்கி வைத்திருக்கும் காவலர்களுள் ஒருவர்.

பிறகு களைக்கொல்லி. ஃபுளூரிடோன் என்ற மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இச்செடியை வெளிறச் செய்து கொல்லும். அதையே ஆண்டுக்கணக்கில் ஊற்றினார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல ஏரிகளில் மருந்து பலிக்கவில்லை. விதையில்லாமல், கலப்பில்லாமல், துண்டிலிருந்து துண்டாகவே பெருகும் செடியிலும் உடற்செல் மாற்றத்தால் எதிர்ப்புத்திறன் தோன்றிவிட்டது. செடி கோடிக்கணக்கில் இருக்கும்போது, ஒரு குருத்தில் நேர்ந்த மாறுதல் போதுமானதாகிவிடுகிறது.

இந்த இழுபறிக்கிடையே 1994-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆர்க்கன்சாவின் டிகிரே ஏரியில் வெண்தலைக் கழுகுகள் தள்ளாடுவதைக் கண்டார்கள். குடித்தவனைப்போல் நிலைதடுமாறிப் பறந்து பாறையில் மோதின. அக்குளிர்காலத்தில் 29 கழுகுகள் இறந்தன. நோய்க்கிருமி இல்லை, தெரிந்த எந்த நஞ்சும் இல்லை. மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்புகளைச் சூழ்ந்த மையலின் உறையில் பஞ்சுபோல் ஓட்டைகள். ஏரியிலிருந்த நாமக்கோழிகளும் அவ்வாறே தடுமாறின. வேடந்தாங்கலில் நெற்றியில் வெள்ளைக் கட்டையுடன் நீந்தும் நாமக்கோழியின் அமெரிக்க உறவு அது. நீர்ச்செடிகளை மேய்வது அதன் தொழில். தடுமாறும் நாமக்கோழியைப் பிடிப்பது கழுகுக்கு எளிது. மற்ற மாநிலங்களிலும் இந்நோய் தோன்றியது. இதுவரை இதனால் மாண்டதாகக் கண்டறியப்பட்ட கழுகுகள் 130-க்கும் மேல்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சூசன் வைல்ட் இறப்பு நேர்ந்த ஏரிகளை ஒப்பிட்டார். எல்லாவற்றிலும் படர்ந்திருந்தது பெரும்பாலும் ஹைட்ரில்லா. இலையின் அடிப்புறத்தில் கரும்புள்ளிகளாக ஒரு நீலப்பச்சைப் பாசி ஒட்டி வளர்ந்திருந்தது. 2014-இல் அதற்கு ‘ஹைட்ரில்லாவில் வாழும் கழுகுக்கொல்லி’ எனப் பொருள்படும்படி ஏட்டாக்தோனாஸ் ஹைட்ரில்லிகோலா என்று பெயரிட்டனர். குற்றவாளி அகப்பட்டதாகவே தோன்றியது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்தபோது அப்பாசி எந்த நஞ்சையும் உண்டாக்கவில்லை!

ஜெர்மனியில் ஹாலே நகரின் டிமோ நீடர்மையர் குழுவினர் ஏரியிலிருந்து வந்த இலையையே நிறமாலைக் கருவியால் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தனர். பாசி ஒட்டிய இடங்களில் மட்டும் ஒரு பொருள் இருந்தது. அதன் மூலக்கூறில் ஐந்து புரோமின் அணுக்கள். புரிந்துவிட்டது. ஆய்வுக்கூட வளர்ப்பு நீரில் புரோமைடு இல்லை. ஒரு துளி சேர்த்ததும் பாசி நஞ்சைச் சுரந்தது. கோழிகளுக்குக் கொடுத்தபோது மூளையில் அதே ஓட்டைகள். 2021 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. இருபத்தாறு ஆண்டுப் புதிர்.

நன்னீரில் புரோமைடு மிகச் சிறிதே இருக்கும். ஹைட்ரில்லா அதை நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் உறிஞ்சி இலைகளில் செறித்து வைக்கிறது. நிலக்கரி மின்நிலையங்களின் கழிவுநீர் அதை ஏரிக்குக் கூடுதலாகக் கொண்டுவரக்கூடும். ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய இன்னொரு வழி நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. டைகுவாட் டைபுரோமைடு என்னும் களைக்கொல்லி, பெயரிலேயே புரோமின் உடையது. ஹைட்ரில்லாவை ஒழிக்கவே அது ஏரிகளில் தெளிக்கப்பட்டது.

ஜார்ஜியா, தென் கரோலினா எல்லையிலுள்ள தர்மண்ட் நீர்த்தேக்கத்தில் கழுகுகள் பல இறந்தன. நாமக்கோழி மேய்வதற்கு முன் செடியைத் தின்று தீர்க்கட்டுமென்று அங்கேயும் மலட்டுப் புல்கெண்டைகளை விட்டார்கள். பாஸ் பிடிக்க ஆள் கூட்டிச் செல்லும் வழிகாட்டிகளுக்கு அவ்வேரி முன்போல இராது. செடி விளிம்பை விட்டு மீண்டும் பழைய சாலைகளையும் மூழ்கிய ஓடைக்கரைகளையும் தேடிப் போகவேண்டியதுதான். தென்மாநிலப் படகுத்துறைகளில் இப்போது அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன: கரையேறியதும் சுழலியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய கொடியை ஒரு துண்டு விடாமல் எடுத்துவிட்டு, தொட்டி நீரையும் அங்கேயே வடித்துவிட்டுப் புறப்படும்படி அவை சொல்கின்றன.